படம் பார்த்துச் சொல்வது வாசிப்பாகாது

பிள்ளைகளுக்குப் படக்கதை வழியாக வாசிப்பு கற்பிப்பது பற்றிய ஒரு கட்டுரை, ‘முதலில் படத்தைக் காட்டுங்கள், கதை தானாகப் புரியும்’ என்கிறது. இரண்டாம் வகுப்பில் சிக்கலே அங்கேதான். எழுத்தைத் தொடாமலே படத்தைப் பார்த்துப் பிள்ளை விடை சொல்லிவிடும். படத்தைத் தாளால் மூடி, நான்கு வரி வாசிக்கவிட்டுப் பிறகு திறந்து, ‘வரியில் இல்லாதது படத்தில் எது?’ என்று கேளுங்கள். கதையை வரிசைப்படுத்த நான்கு பட அட்டை போதும். பின்பக்கம் வரிசை எண்ணை எழுதிவிடாதீர்கள், திருப்பிப் பார்த்துவிடுவார்கள்!

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் படம் முதலில் தேவைப்படுவது வேறு இடத்தில். ‘ஊருக்குள் வெள்ளம் வந்தது’ என்றால், மலையாளம் பேசிப் பழகிய பிள்ளை குழாயில் தண்ணீர் வந்ததாக எடுத்துக்கொள்ளும்; மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் முன்கூட்டியே படம் காட்டுங்கள். திண்ணை மூழ்கிய வீடாக இருக்கட்டும்; வெறும் ஆற்றுப் படம் இன்னும் குழப்பும்.