சாப்பிடப் போன எடத்துல சாப்பிட மட்டும் வாயத் தொறங்க

நம்ம குரூப்பு பஸ்ல பாலக்காடு போய்ச் சாப்பிட்டப்ப, கூடப் போன ஒரு அண்ணன் அங்க ஒரு கடைச் சோத்தக் கிண்டலடிச்சு ஒரு வீடியோ போட்டிருக்காரு. அந்த வீடியோவ நேத்து ராத்திரியில இருந்து எனக்கு அனுப்பாத ஆளில்ல. பாத்துட்டேன். முழுசாப் பாத்துட்டேன். "காமெடிதான்க்கா, சிரிச்சுட்டு விடுங்க"ன்னும் இன்பாக்ஸ்ல வந்து சொல்லியாச்சு. சிரிப்பு வரல. அதனால எழுதறேன்.

மொதல்ல ஒன்னத் தெளிவாச் சொல்லிடறேன். பஸ் ஏறிப் பாலக்காடு போய், பொழுதுக்கும் சாப்பிட்டுட்டு, ராத்திரிக்குள்ள பொள்ளாச்சி திரும்பறதுங்கற யோசனைய நான் குறை சொல்லல. அருமையான யோசனை. கார் வேணாம், வேன் வேணாம், ரூட் பஸ்லயே போலாம்னு அட்மின் குரூப்ல போட்டப்ப ஓடி வந்து ஹார்ட் போட்டவ நான்தான். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, கொழிஞ்சாம்பாறை வழியா எலப்புள்ளிப் பக்கம் எறங்கி, ஆட்டோ புடிச்சா ராமசேரி இட்லி. அங்கிருந்து பாலக்காடு, கல்பாத்தி அக்ரஹாரத்துல ஒரு நடை. மத்தியானம் ஊண், அதான் கேரளாச் சாப்பாடு. சாயங்காலம் சாயாவும் பழம்பொரியும். ஒரு ஞாயித்துக்கெழமைய இதவிட நல்லாச் செலவு பண்ண முடியுமா? பிளான்ல ஒரு குத்தமும் இல்ல. கூடப் போன வாய்லதான் குத்தம்.

அன்னைக்கு என்னால போக முடியல. ஆனா அந்த ஊண் கடை எனக்கு நல்லாத் தெரியும். எலையில விழுந்த கேரளாச் செவப்பரிசி, அந்த மட்ட அரிசிச் சோத்த ஒரு பருக்கை எடுத்து கேமராவுக்கு முன்னாடி புடிச்சுகிட்டு, "ஏங்க, இது மனுசனுக்கா, மாட்டுக்கா?"ன்னு கேட்டாரே அண்ணன். பக்கத்துல குடிக்க வெச்சிருந்த ரோஸ் கலர் பதிமுகம் தண்ணியத் தூக்கிக் காட்டி, "பாத்திரம் கழுவுனதயே ஊத்திட்டாங்க பாருங்க"ன்னாரே. அப்புறம் பரிமாறிட்டு இருந்த அம்மா மேல கேமராவத் திருப்புனாரே. அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு யாராவது கவனிச்சீங்களா? "வெள்ளச் சோறும் இருக்குதுங்க, கொண்டாரட்டுங்களா?"ன்னு கேட்டாங்க. தமிழ்ல. நம்மூரு "ங்க" போட்டு. அண்ணன் பேசுன ஒவ்வொரு வார்த்தையும் அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. புரிஞ்சும் மரியாதையாக் கேட்டிருக்காங்க. அந்த எடத்துல அண்ணன் எடிட்டிங்ல ஒரு கழுதை சத்தம் வெச்சிருக்காரு.

போனது அவங்க சோத்தத் திங்க. அவங்க சோறு அவங்க சோறு மாதிரிதான் இருக்கும். வெள்ளப் பொன்னிதான் வேணும்னா பொள்ளாச்சியிலயே உக்காந்துருக்கலாம். பஸ் சார்ஜாவது மிஞ்சியிருக்கும்.

மாட்டுக்குன்னு சொன்னாரே, அந்தப் பாலக்காட்டு மட்ட அரிசிக்குப் புவிசார் குறியீடு இருக்குது. தவிட்ட முழுசாத் தீட்டாம, நெல்லப் புழுக்கி எடுக்கறதாலதான் அந்தச் செவப்பு அதுல நிக்குது. வேக நேரமாகும், வடிக்கறதுக்குப் பக்குவம் வேணும், ஆறிட்டா பல்லுக்கு வேலை. தெரியாதவங்களுக்கு மொத வாய் கஷ்டமாத்தான் இருக்கும், ஒத்துக்கறேன். அதுக்குத்தான் மோர்க்கறிய ஊத்தி நல்லாப் பெசைஞ்சு, பப்படத்த நொறுக்கிப் போட்டுத் திங்கணும். பதிமுகம்ங்கறது ஒரு மரத்தோட கட்டை. அந்தச் சீவல போட்டுக் கொதிக்க வெச்சா தண்ணி ரோஸ் கலர் ஆயிடும். காய்ச்சுன தண்ணி. நம்ம பக்கம் எத்தன கடையில காய்ச்சுன தண்ணி வெக்கறாங்க?

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் அந்த நெல்லு வெளையறது எந்தத் தண்ணியிலன்னு அண்ணனுக்குத் தெரியுமா? தமிழ்நாடும் கேரளாவும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம், 1970. வருசத்துக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு வழியாச் சித்தூர்ப் புழைக்குப் போகணும். நீங்க லீவு நாள்ல போய் செல்ஃபி எடுக்கற அதே ஆழியாத்துத் தண்ணிதான் அங்க வயலுக்குப் பாயுது.

இன்னொன்னு. காலையில ராமசேரி இட்லியத் தின்னுட்டு இதே அண்ணன், "கேரளாக்காரன் கேரளாக்காரன்தான்யா, என்ன பஞ்சு!"ன்னு உருகுனதும் அதே வீடியோவுலதான் இருக்குது. அந்த இட்லியச் சுடறது யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தமிழ்நாட்டுல இருந்து அந்தக் காலத்துல போய்க் குடியேறுன முதலியார் குடும்பங்க. மண்சட்டி வாய்ல நூல் வலை கட்டி, மேல துணி விரிச்சு, அதுல மாவ ஊத்தி, விறகடுப்புல வேக வெக்கறாங்க. தட்டையா, தோசைக்கும் இட்லிக்கும் நடுவுல ஒன்னா வரும். பொடியில தேங்காயெண்ணெய் கொழைச்சுத் தொட்டுத் திங்கணும். இன்னைக்கு விரல் விட்டு எண்ணற குடும்பங்கதான் சுடறாங்க. அது பிடிச்சா கேரளாக்காரன் கெட்டிக்காரன். சோறு பிடிக்கலைன்னா மாட்டுத் தீவனம். நல்லாருக்குதுங்க நியாயம்.

பாலக்காடே 1956 வரைக்கும் மெட்ராஸோட மலபார் ஜில்லாவுலதான் இருந்துச்சு. சித்தூர் 1949 வரைக்கும் கொச்சி ராஜா சமஸ்தானத்துல. அப்புறம் கோடு போட்டாங்க. கோடு போட்டவங்க கொழிஞ்சாம்பாறையில தமிழ் பேசிட்டு இருந்த சனங்ககிட்ட வாய மாத்திக்கோன்னு சொல்லல. அவங்க இன்னும் தமிழ்தான் பேசறாங்க. சோறு மட்டும் செவப்பு.

சரி, எதுக்கு இதெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்? நம்ம தண்ணி, நம்ம சனம்னு சொன்னாத்தான் ஒரு சோத்துக்கு மரியாதை கெடைக்குமா? அந்த அரிசி எந்தத் தண்ணியில வேணா வெளையட்டும், அந்தம்மாவுக்குத் தமிழே தெரியாம இருக்கட்டும். அப்பவும் அது தப்புதான். புரியாதுன்னு நெனைச்சுப் பேசறது இன்னும் கேவலம்.

இப்ப வருவாங்க. "காசு குடுத்துத் திங்கறவனுக்குக் குறை சொல்ல உரிமை இல்லையா?" இருக்குது. உப்பு பத்தலைன்னு சொல்லுங்க. மீன் பழசுன்னு சொல்லுங்க, நானே கூட வந்து சண்டை போடறேன். சோறு செவப்பா இருக்குதுங்கறது குறை இல்ல. கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்துகிட்டு பொண்ணு கறுப்புன்னு சொல்ற பெருசுங்க கணக்குதான் அது.

"அவங்க மட்டும் நம்மளப் பேசறதில்லையா?" பேசறாங்க. தமிழ்க்காரங்களக் கேவலமாப் பாண்டின்னு சொல்வாங்க. காலேஜ் படிக்கறப்ப பாலக்காட்டு பஸ்ல, சீட்டுல துண்டு போட்டதுக்காக ஒருத்தர் என்னையும் அம்மாவையும் பாத்து அந்த வார்த்தைய வீசுனாரு. அம்மா பொறந்ததே அந்த ஊர்ப் பக்கம், அது அவருக்குத் தெரியாது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவரு செஞ்சது சரின்னு எந்த ஜென்மத்துலயும் சொல்ல மாட்டேன். அதுக்காக, அவருக்குத் திருப்பிக் குடுக்க வேண்டியத சம்பந்தமே இல்லாம சோறு போட்ட அம்மாவுக்குக் குடுக்கறதா? அவங்க பக்கம் தப்ப அவங்க ஊர்ல யாராவது எழுதட்டும். நான் எங்க ஊரப் பத்திதான் எழுதுவேன்.

ஆஸ்பத்திரிக் குப்பைய லாரியில கொண்டாந்து நம்ம எல்லையில கொட்டறாங்களேன்னு ஒருத்தரு. கொட்டறவனப் புடிச்சு உள்ள போடுங்க, கைதட்டறேன். அந்தம்மாகிட்ட லாரி இல்ல.

இன்னொருத்தரு, மாடு திங்கற ஊர்ல நமக்கென்ன பேச்சுங்கறாரு. அண்ணா, செவ்வாக்கெழமையும் வியாழக்கெழமையும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குக் காலையில போய் நில்லுங்க. லாரி எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாருங்க. சந்தையில பணத்த எண்ணும்போது தெரியாத பாவம், எலையில பாத்தா மட்டும் தெரியுதாக்கும். மேல பேச எனக்கு இஷ்டமில்ல.

உங்களுக்கு இது ஒரு வீடியோ. எனக்கு அப்படி இல்ல. அம்மா கேரளாவுல வண்டித்தாவளம் பக்கத்துல இருந்து ஆனைமலைப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவங்க. அப்பா வீட்ல எல்லாருக்கும் வெள்ளச் சோறு. அம்மாவுக்குச் செவப்பரிசி இல்லைன்னா தின்ன மாதிரியே இருக்காது. மூத்த மருமக வாயத் தொறந்து கேக்க முடியுமா? எல்லாரும் தின்னு முடிச்சப்புறம் சின்னச் சட்டியில தனக்குன்னு ஒரு கை அரிசி போட்டு வடிச்சுக்குவாங்க. அப்பத்தா அதப் பாத்துட்டு, "பன்னிக்கு வெக்கற மாதிரி தனியா எதுக்கு ஒரு சட்டி"ன்னு ஊருக்கே கேக்கற மாதிரிச் சொல்லும். பெரியத்தை ஒரு படி மேல. செவப்பரிசிக்காரின்னு பேரே வெச்சிருந்தாங்க. விசேசத்துக்கு வர்ற சொந்தக்காரங்களும் அந்தப் பேரச் சொல்லிச் சிரிப்பாங்க. அம்மாவும் கூடச் சேந்து சிரிப்பாங்க. அந்தச் சிரிப்ப எனக்குச் சின்னப்புள்ளையிலயே பிடிக்காது.

இப்பப் பெரியத்தைக்குச் சக்கரை. ஏதோ ஒரு டாக்டரு சொன்னாருன்னு சூப்பர் மார்க்கெட்டுல கண்ணாடி பாக்கெட்டுல கேரளா மட்ட அரிசி வாங்கறாங்க. போன பொங்கலுக்கு எங்க அம்மாவ உக்கார வெச்சு, அந்த அரிசியில எவ்வளவு சத்து இருக்குது, எப்படி வடிக்கணும்னு பாடம் எடுத்தாங்க. அம்மா, "அப்படீங்களா நங்கையா"ன்னு கேட்டுகிட்டாங்க. நான் எந்திரிச்சுக் கொல்லைப் பக்கம் போயிட்டேன்.

அந்த அரிசிக்காக அம்மா போற போக்கு இருக்கே. இப்பவும் கோபாலபுரம் வரைக்கும் டவுன் பஸ், 2021-ல வந்த மகளிர் ஓசிப் பயணத்துல. அங்க எறங்கி அந்தப் பக்கம் நடந்து போய்க் கேரளா பஸ்ஸ புடிப்பாங்க. திரும்பும்போது ஒரு பை அரிசி. செக்போஸ்ட்ல போலீஸ்காரங்க அந்தப் பக்கம் போற பையத்தான் தொறந்து பாப்பாங்க, ரேஷன் அரிசி கடத்தறாங்களான்னு. அங்கிருந்து இங்க வர்ற அரிசிய யாரும் கண்டுக்கறதில்ல. "நான் மட்டும்தான் எதிர்த்தாப்ல கடத்தறேன் கண்ணு"ன்னு அம்மா சொல்லிச் சிரிப்பாங்க. இந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

கொரோனாவுல 2020 மார்ச்ல நின்ன பஸ்ஸு. கேரளாவுக்கு மறுபடி நம்ம பஸ் ஓடுனது 2021 டிசம்பர் ஒன்னாந்தேதி. நடுவுல ரெண்டு ஓணம் போச்சு. கார் வெச்சிருந்தவங்க இ-பாஸ் போட்டுப் போய்ட்டு வந்தாங்க. அம்மா மாமாகிட்ட வீடியோ கால்ல, என்ன கறி, என்ன பாயசம்னு ஒவ்வொன்னாக் கேட்டுகிட்டு உக்காந்திருந்தாங்க. பஸ் விட்டாச்சுன்னு செய்தி வந்தன்னைக்கு அம்மா பை எடுத்து வெச்ச வேகத்தப் பாத்திருக்கணும் நீங்க. அப்படிக் காத்திருந்து ஏறுன பஸ்ஸுங்க அது. அதுல ஏறிப் போய்த்தான் அண்ணன் கழுதை சத்தம் வெச்சுட்டு வந்திருக்காரு.

"இவ்வளவு சென்சிட்டிவா இருந்தா எப்படிக்கா?" இருப்பேன். சோத்து விஷயத்துல இருப்பேன்.

அட்மின் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீ நல்ல பையன்தான். ஆனா "அது தனிநபர் கருத்து, குழு பொறுப்பல்ல"ன்னு நீ போட்ட பதிவு இருக்கே, அதப் படிச்சதும் வீடியோவே தேவலைன்னு ஆயிடுச்சு. குரூப் போட்டோவ அந்தக் கடை வாசல்ல நின்னுதான் எடுத்திருக்கீங்க. எல்லாரும் பல்லக் காட்டிகிட்டு நிக்கறீங்க. அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேக்கறதுக்கு எத்தன நிமிசம் ஆகும்? நம்பர் கடை போர்டுலயே இருக்குது, தமிழ்லயும் எழுதியிருக்குது. அடுத்து தடா, சூளூர்ப்பேட்டைன்னு ஆந்திராப் பக்கம் போறதாப் பேச்சு அடிபடுது. அங்க கோங்குரா புளிக்குது, கொழம்பு காரம்னு எவன் வீடியோ போடப் போறான்னு இப்பவே தெரியுது. என் பேரச் சேத்துடாத.

அந்த வீடியோவுக்குக் கீழ சிரிப்பு எமோஜி போட்ட என் சொந்தக்காரங்க லிஸ்ட்டும் எங்கிட்ட இருக்குது. தை மாசம் விசேசத்துல பாக்கலாம்.

"எந்தக் கடைக்கா அது, லொகேஷன் போடுங்க"ன்னு கமெண்ட்ல கேக்கறவங்களுக்கு: போட மாட்டேன். ராமசேரிக்கு வழி வேணும்னா கேளுங்க, சொல்றேன். அவங்க கேமராக்காரங்கள நெறையப் பாத்துப் பழகிட்டாங்க. இந்தக் கடை மட்டும் எனக்கும் எங்க அம்மாவுக்கும் இருக்கட்டும்.