வேகம் இனி சிப்பிலிருந்து மட்டும் வராது

கணினி சிப்புகளில் 3 நானோமீட்டர் தலைமுறை முடிந்தது, அடுத்து 2, அப்புறம் 1, அதற்குப் பிறகு என்ன என்று பலரும் கேட்கிறார்கள். அந்த எண்ணை நிஜ அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 3 நானோமீட்டர் சிப்பிலும் ஒரு கேட்டுக்கும் (டிரான்சிஸ்டர் என்ற நுண் மின் சுவிட்சைத் திறந்து மூடும் பகுதி) அடுத்த கேட்டுக்கும் இடையே 40 நானோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

என்னைக் கேட்டால், பெரிய முட்டுக்கட்டை இருபது வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் சிப் கூடுதலாகச் சூடேறாது என்று 1974இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டு குழு காட்டியது. அதை நம்பித்தான் வேகம் ஏறிக்கொண்டே போனது. ஆனால் மின்னழுத்தத்தை ஓரளவுக்குக் கீழே இறக்கினால் டிரான்சிஸ்டர் சரியாக அணைவதில்லை, மின்னோட்டம் கசிகிறது. அறை வெப்பநிலையில், கசியும் மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கக் கேட்டின் மின்னழுத்தத்தில் குறைந்தது 60 மில்லிவோல்ட் மாற்றம் தேவை. வழக்கமான டிரான்சிஸ்டரில் எந்த கம்பெனியாலும் இதை மீற முடியாது. போதாததற்கு, கேட்டுக்கு அடியில் இருக்கும் ஆக்சைடு படலம் 1.2 நானோமீட்டருக்கு, அதாவது சுமார் ஐந்து அணு கனத்துக்கு மெலிந்தது. எலக்ட்ரான்கள் அதை ஊடுருவிப் போக ஆரம்பித்தன. 2007இல் ஹாஃப்னியம் என்ற உலோகம் கலந்த படலத்துக்கு மாறி இன்டெல் அதைச் சமாளித்தது. சூட்டைச் சமாளிக்க முடியவில்லை. 2004இல் 3.8 கிகாஹெர்ட்ஸ் எட்டிய இன்டெலின் பென்டியம் 4 சிப், நான்கைத் தொடவே இல்லை. இன்றும் ஐந்து, ஆறைச் சுற்றித்தான் நிற்கிறோம்.

சேனலை (மின்னோட்டம் ஓடும் பாதையை) நாலு பக்கமும் சுற்றிவரும் கேட், சிப்லெட் (சிப்பைச் சிறு துண்டுகளாகச் செய்து இணைப்பது), அடுக்கிவைத்த மெமரி எல்லாம் நல்ல பொறியியல்தான். ஆனால் கேஷ் மெமரியின் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகத்தின்) செல் சுருங்குவதே கிட்டத்தட்ட நின்றுவிட்டது. சிப் தயாரிக்கும் தைவான் நிறுவனமான டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டரிலும், 3 நானோமீட்டர் வகையான என்3இ-யிலும் அது ஒரே அளவு.

மிச்சம் இருப்பது நாம் எழுதும் நிரல். எம்ஐடி ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 4096க்கு 4096 அணிகள் (எண் கட்டங்கள்) இரண்டைப் பெருக்கும் பைத்தான் நிரல் ஏழு மணி நேரம் எடுத்தது. சி மொழியில் எழுதியதுமே 47 மடங்கு வேகம். சிப்பின் எல்லா கோர்களுக்கும் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகளுக்கும்) வேலையைப் பிரித்து, கேஷுக்குத் தோதாகத் துண்டுபோட்டு, ஒரே நேரத்தில் பல எண்களைக் கையாளும் வெக்டர் கட்டளைகளையும் சேர்த்தபோது 0.41 விநாடி! இயந்திரம் அதேதான்.

எல்லா நிரலிலும் இது நடக்காது, சரி. அணிப்பெருக்கல் இதற்கென்றே அமைந்த கணக்கு. ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை டிஎஸ்எம்சியே சொல்லும் வேக உயர்வு இப்போது இருபது சதவீதத்துக்குள்தான். கொஞ்சம் மெனக்கெட்டு எழுதினால் நிரல் இரண்டு மடங்கு வேகமாவது நம் வேலையில் சாதாரணம். அதைச் செய்ய நேரம் கொடுக்காமல் பெரிய சர்வர் வாங்கச் சொல்லும் வழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும்.