வேண்டாம் என்று சொல்பவருக்கும் கூலி கொடுங்கள்

அந்த வாடகைப் படகில் ஐந்து உயிர்காப்பு ஜாக்கெட்டுகள் இருந்தன. ஒன்றின்மேல் நான் உட்கார்ந்திருந்தேன். இன்னொன்றைத் தலைக்கு வைத்து என் மைத்துனர் தூங்கிக்கொண்டிருந்தார். மற்ற மூன்றும் முன்பக்கப் பெட்டிக்குள், ஐஸ் பெட்டிக்கும் நங்கூரக் கயிற்றுக்கும் அடியில் கிடந்தன. பிறகு வெளியே இழுத்துப் பார்த்தபோது ஒன்றில் கொக்கி இல்லை. ராபியா என்னும் பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டி வைத்திருந்தார்கள். இன்னொன்றை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. எல்லாவற்றிலும் பழைய இறால் வாடை.

இது மூன்று ஆண்டுகளுக்கு முந்திய கதை. இப்போது எழுதக் காரணம், போன வாரம் அக்காள் மகன் அனுப்பிய ஒரு காணொளி. அமெரிக்காவில் கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் விழும் இடம். சால்மன் பிடிக்கப் போகும் சிறு படகுகள் மதில் போன்ற அலைகளில் ஏறி இறங்குகின்றன. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "மாமா, இதைப் பார்த்தால் நம் கடல் வெறும் குளம்."

மலேசியாவின் பேராக் கரையில், எங்கள் ஊத்தான் மெலிந்தாங்கில் பிறந்த பிள்ளைதான் இப்படி எழுதுகிறான். குளத்தில் செத்தவர்கள் இல்லையா என்று கேட்கத் தோன்றியது.

அந்த ஆற்றுமுகத்துக்குப் 'பசிபிக்கின் இடுகாடு' என்று பெயர். 1792 முதல் ஏறத்தாழ 2,000 கப்பல்கள் அங்கே மூழ்கியதாகக் கணக்கு. தண்ணீர் கடுங்குளிர். விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு திணறும், பத்து நிமிடங்களில் விரல்கள் கயிற்றைக்கூடப் பிடிக்காது. ஆனால் காணொளியில் தெரியாத ஒன்று உண்டு. அலை மிஞ்சினால் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அந்த முகத்துவாரத்தைச் சிறு படகுகளுக்கு மூடிவிடும். வெளியே எத்தனை சால்மன் துள்ளினாலும் கரையில் காத்திருக்க வேண்டியதுதான். நம் பெர்ணம் ஆற்றுமுகத்தை யாரும் மூடி நான் பார்த்ததில்லை. நாமேதான் மூடிக்கொள்ள வேண்டும். நமக்கோ சனிக்கிழமைதான் லீவு.

நாங்கள் அன்று போனது குராவ் மீனுக்கு. தமிழ்நாட்டில் காலா என்பார்கள். ஆங்கிலத்தில் இதையும் சால்மன் என்று அழைப்பது உண்டு, சால்மனுக்கு இது உறவே இல்லாவிட்டாலும். சந்தையில் அதன் விலையைக் கேட்டவர்களுக்கு எங்கள் ஆசை புரியும். நான்கு பேர், ஆளுக்கு நூறு வெள்ளி, அதாவது நூறு ரிங்கிட். படகோட்டி ஒரு மலாய்ப் பெரியவர், மலாயில் மாமா என்பதுபோல் பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். நேரம் விடியற்காலை மூன்றரை. துறையில் நின்று மேற்கே பார்த்தார். வெகு தூரத்தில், சத்தமே இல்லாமல், மின்னல் விட்டுவிட்டு வெளிச்சம் போட்டது. "இன்றைக்கு மேற்குப் பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை" என்றார்.

நாங்கள் விட்டோமா? ஐஸ் வாங்கியாயிற்று. உயிர் இறால் வாங்கியாயிற்று. ஒருவர் காஜாங்கிலிருந்து இரவெல்லாம் காரோட்டி வந்திருக்கிறார். "மழை வந்தால் திரும்பிவிடலாம் பாக்சிக்" என்று ஆளாளுக்குச் சொன்னோம். போகவில்லை என்றால் அவருக்கு அன்று கூலி இல்லை. தோளைக் குலுக்கிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

சுமத்ராக் காற்றைப் பற்றி மேற்குக் கரையில் மீன் பிடிக்கும் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் எந்த மாதத்திலும் வரும். இரவில் சுமத்ரா பக்கமும் மலாக்கா நீரிணையிலும் இடிமேகங்கள் திரண்டு, வரிசை கட்டிக் கிழக்கே நகர்ந்து, விடியலில் நம் கரையைத் தொடும். அதாவது, தூண்டில்காரர்கள் கடலில் இருக்கும் அதே நேரத்தில். வானிலை ஆய்வுத் துறையின் பலத்த காற்று எச்சரிக்கையில் முதல் நிலையே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, மூன்றரை மீட்டர் வரை அலை; சிறு படகுகளுக்கு ஆபத்து என்பதுதான் அதன் பொருள். இடிமழை எச்சரிக்கை வேறு. அது சில மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். முன்னிரவில் பார்த்துவிட்டுப் படுத்தால் போதாது, துறையில் நின்று இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

ஐந்தே முக்காலுக்கு, ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல் கன்னத்தில் ஒரு குளிர்ந்த காற்று அடித்தது. அடுத்த சில நிமிடங்களில் மழை படுக்கைவாட்டில் வந்தது. கரை விளக்குகள் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தன. "ஆற்றுக்குள் போங்கள், போங்கள்" என்று கத்தினோம். நானும்தான் கத்தினேன்.

பாக்சிக் போகவில்லை. அது வற்றம், கடல் நீர் வடியும் நேரம். ஆற்றுத் தண்ணீர் மேற்கே கடலை நோக்கி ஓடுகிறது, காற்று மேற்கிலிருந்து அதற்கு எதிராக அடிக்கிறது. இரண்டும் மோதும் இடத்தில், அதுவும் சேற்றுமேட்டின் மேல் ஆழம் குறைந்த தண்ணீரில், அலை நீளமாகப் புரளாது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் முதுகில் ஒன்றாக எழும்பும். பின்னாலிருந்து வரும் அப்படிப்பட்ட ஓர் அலை படகைக் குறுக்கே திருப்பிவிட்டால் போதும், அடுத்த அலை கவிழ்த்துவிடும். கரை தெரிகிறது என்பதே எங்கள் கண்ணை மறைத்தது. அவரோ படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, 40 குதிரைத்திறன் இயந்திரத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒன்றரை மணி நேரம் அப்படியே பிடித்து நின்றார்.

ஒருமுறைதான் அவர் முகம் மாறியது. கடைசிக் கலனை எடுத்துப் பெட்ரோல் ஊற்றும்போது. அதற்கு முன் மீன் கடிக்கவில்லை, கடிக்கவில்லை என்று நான்கு இடம் மாற்றச் சொன்னவர்கள் நாங்கள். போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, கை வைக்காமல் ஒரு பங்கு என்பது படகுக்காரர்களின் பழைய கணக்கு. அந்த மூன்றாவது பங்கைத்தான் நாங்கள் குராவுக்குச் செலவழித்திருந்தோம்.

ராபியா கயிறு கட்டிய ஜாக்கெட் எனக்கு வந்தது. நனைந்த முடிச்சை நடுங்கும் கையால் இறுக்கிப் பாருங்கள், தெரியும். நீச்சல் தெரியும் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் ஓடிய பாரிட்டில், அதாவது வாய்க்காலில், குதித்துப் பழகிய உடம்பு. பாரிட்டில் இரண்டு பக்கமும் கரை இருந்தது. வெதுவெதுப்பான நம் கடல் ஒரே நிமிடத்தில் கொல்லாது என்பது மெய்தான். ஆனால் தலையில் அடிபட்டவனை அது மிதக்க வைக்காது. முகத்தை மேலே திருப்பிப் பிடிக்கும் நல்ல ஜாக்கெட்டைத் துறையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வேர்க்கும், வேர்க்கட்டும். அதில் ஒரு விசில், தண்ணீர் புகாத உறையில் கைப்பேசி. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எப்போது 999 அழைக்க வேண்டும் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று என் மனைவி நான் தெலுக் இந்தானில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அது வேறு கதை.

படகுக்காரர்களைத் திட்டுவது சுலபம். மூன்றரை மணிக்கே பாக்சிக்குக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்லி நின்றுகொண்டால் அவர் நானூறு வெள்ளியை இழப்பார். வந்தால்தான் கூலி என்று வைத்துவிட்டு, வராதே என்று அவர் சொல்லாததற்கு அவரைக் குறை கூறுகிறோம்.

அதனால் இப்போது எங்கள் குழுவில் ஒரே ஒரு நிபந்தனை. துறையில் நின்று பாக்சிக் வேண்டாம் என்றால் அவருக்குப் பாதி வாடகை, அங்கேயே, கையில். காரணம் கேட்கக்கூடாது. ஆளுக்கு ஐம்பது வெள்ளி. கோழித் தீனிக்கும் லாட்டரிக்கும் கொடுக்கும்போது வராத வயிற்றெரிச்சல் இதற்கு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் முதன்முறையாக அதைக் கொடுத்தோம். பாக்சிக் மேற்கே பார்த்தார், தலையை ஆட்டினார், இருநூறு வெள்ளியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். நாங்கள் கடையில் தோசை சாப்பிட்டுப் பசியாறினோம். ஏழு மணி, எட்டு மணி. ஒரு சொட்டு மழை இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. உயிர் இறாலை மைத்துனர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சம்பால் செய்யச் சொன்னார். அந்த ஐம்பது வெள்ளியைப் பற்றி இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்.