எழுத்தைக் கண்டுபிடித்தது கவிஞன் இல்லை, கணக்குப்பிள்ளை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது இந்தச் சண்டை வந்துவிடும். எகிப்து மூத்ததா, சுமேரியா மூத்ததா, சிந்துவெளி மூத்ததா என்று ஆரம்பித்து, கடைசியில் சித்தப்பா கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறுவார், மறுநாள் காலை வணக்கத்தோடு திரும்பி வருவார். யார் மூத்தவர் என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. இருபது வருஷமாக ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கு இருக்கும் பெருமை வேறு. சுமேரியாவில் எழுத்தைத் தொடங்கிவைத்தது எங்கள் ஆட்கள், அதாவது கணக்குப்பிள்ளைகள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுமேரியா இருந்தது இன்றைய ஈராக்கின் தெற்கே, அங்கே உருக் என்று ஒரு பழைய நகரம். கி.மு. 3300-ஐ ஒட்டி அங்கே எழுதத் தொடங்கிய களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ராஜா கதை இல்லை, சாமி பாட்டு இல்லை. இத்தனை ஆடு, இவ்வளவு வாற்கோதுமை, இன்னாருக்கு அளந்தது இவ்வளவு, பெரும்பாலும் இதேதான். மிச்சம், எழுதப் பழகுகிறவர்களுக்கான சொல்பட்டியல்கள்.

அதற்கு முன்பு சின்னச் சின்ன மண் வில்லைகளை வைத்து எண்ணியிருக்கிறார்கள். நடுவழியில் யாரும் கைவைக்காமல் இருக்க, வில்லைகளை மண்ணுருண்டைக்குள் போட்டு மூடிவிடுவது. உள்ளே எத்தனை என்று பார்க்க உருண்டையை உடைக்க வேண்டுமே, அதனால் வெளிப்பக்கமும் அச்சு வைத்தார்கள். அப்புறம் எவனோ ஒரு குமாஸ்தாவுக்குத் தோன்றியிருக்கும், வெளியே அச்சு இருக்கும்போது உள்ளே வில்லை எதற்கு? உருண்டை தட்டையானது, பலகையானது. எழுத்து இப்படித்தான் பிறந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

அந்தக் காலத்துப் பலகை ஒன்றில் 29,086 அளவை வாற்கோதுமை, 37 மாதம், குஷிம் என்று இருக்கிறது. குஷிம் ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு தீரவில்லை. ஆள்தான் என்றால், பெயர் தெரிந்த மிகப் பழைய மனிதர்களில் ஒருவர் பீர் காய்ச்சும் தானியத்துக்குக் கணக்குப் பார்த்த ஆள்!

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு பலகை, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கி.மு. 1750 வாக்கில் ஊர் என்ற நகரத்தில் (ஆமாம், பெயரே ஊர்தான், இதை வைத்துச் சுமேரியர் தமிழர் என்று பதிவு போடும் நண்பர்களே, தயவுசெய்து வேண்டாம்) ஏயா நாசிர் என்று ஒரு செம்பு வியாபாரி. அவருக்கு நன்னி என்ற வாடிக்கையாளர் எழுதிய புகார் அது. நல்ல சரக்கு தருகிறேன் என்றாய், மட்டமானதைக் காட்டி எடுத்தால் எடு, இல்லாவிட்டால் போ என்றாயாம், என் ஆட்களை எதிரி நாட்டு வழியாக வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாய், இனி என் முற்றத்தில் நானே பொறுக்கித்தான் எடுப்பேன் என்று முன்னும் பின்னும் இடம் விடாமல் குத்தி எழுதியிருக்கிறார். மொத்தமே கைபேசி அளவு. வாரத்துக்கு இரண்டு முறை இதே புகாரைப் போனில் கேட்கிறவன் நான், மனுஷன் மாறவே இல்லை.

சரி, செல்வாக்குக்கு வருவோம். 60-ஐ அடிப்படையாக வைத்து எண்ணியவர்கள் சுமேரியர்கள். பத்துப் படியை மூன்று பேருக்குப் பிரித்துப் பாருங்கள், இழுபறிதான். அறுபதை 2, 3, 4, 5, 6 எதனாலும் மிச்சமில்லாமல் வகுக்கலாம். அந்தக் கணக்கைக் கிரேக்க வானியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள், அதுதான் இன்றைக்கு உங்கள் மணிக்கட்டில் நிமிடமாகவும் நொடியாகவும் ஓடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஓர் உள்ளங்கையளவு பலகையில் இரண்டின் வர்க்கமூலம் இருக்கிறது, புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் சரி.

காலையில் ராசிபலன் பார்க்காமல் காபி இறங்காதவர்களுக்கு ஒரு செய்தி: வானத்தைப் பன்னிரண்டு சம பாகமாக்கி, துலாமுக்குத் தராசையும் விருச்சிகத்துக்குத் தேளையும் வைத்தது, சுமேரியாவுக்குப் பின் அதே மண்ணில் எழுந்த பாபிலோன். கிரேக்கர் வழியாக நமக்கு வந்து சேர்ந்தது. மகரம் அங்கே பாதி ஆடு, பாதி மீன். பலன் பலிக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் காலத்துப் பள்ளிப் புத்தகத்தில் இதெல்லாம் வரவில்லை, பாபிலோன் மன்னர் ஹமுராபியின் சட்டம் வந்தது. கண்ணுக்குக் கண் என்று மனப்பாடம் செய்தோமே, அது பிரபுவின் கண்ணுக்கு மட்டும். சாமானியனின் கண்ணுக்கு ஒரு மினா, அதாவது சுமார் அரைக் கிலோ வெள்ளி கொடுத்தால் போதும், அடிமையின் கண் போனால் அவன் விலையில் பாதி. இதையும் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

கி.மு. 612-இல், அதே ஈராக்கின் வடக்கே அசீரியர்களின் தலைநகரமான நினிவேக்கு எதிரிகள் தீ வைத்தார்கள். அங்கே அசுர்பனிபால் மன்னரின் நூலகம் இருந்தது. காகிதமாக இருந்தால் சாம்பல்தான், களிமண் என்பதால் பல பலகைகள் சூளையில் வைத்ததுபோல் வெந்து இறுகிவிட்டன. துண்டுகளோடு சேர்த்து முப்பதாயிரம் போல் இன்று லண்டனில் இருக்கின்றன. 2015 சென்னை வெள்ளத்தில் எங்கள் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். பத்து வருஷப் பேரேடு கூழாகிவிட்டது, கம்ப்யூட்டரும் போயிற்று. முதலாளியிடம் அப்போது நினிவே கதையைச் சொன்னேன். அவர் சேறு அள்ளிக்கொண்டே கேட்டார்: "சுடாத களிமண்ணா இருந்தா இந்தத் தண்ணில என்னய்யா ஆயிருக்கும்?"