காரைக் கொடுத்தால் மட்டும் போதுமா?

சென்ற வாரம் ஒரு நண்பருடன் ராலி பந்தயங்களைப் பற்றி, அதாவது சாலைகளில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி நேரத்தோடு போட்டியிடும் பந்தயங்களைப் பற்றி, பேசிக்கொண்டிருந்தேன். "தேசிய சாம்பியன்ஷிப்பில் ஓடும் துணை அணிகள் எல்லாம் தொழிற்சாலை கழித்துக்கட்டிய காரை ஓட்டுபவைதானே" என்றார். துணை அணி என்றால், கார் தயாரிக்கும் தொழிற்சாலையின் சொந்த அணியாக இல்லாமல், அதன் காரைப் பெற்று ஓட்டும் தனி அணி. அப்போது அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சொல் ஒரு வாரமாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1979ஆம் ஆண்டு மாண்டே கார்லோ ராலியை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய நிறுவனமான லான்சியாவின் ஸ்ட்ராடோஸ் 1974, 1975, 1976 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலக சாம்பியன்ஷிப்பை வென்ற கார். ஆனால் லான்சியா அப்போது ஃபியட்டின் கையில் இருந்தது. ஃபியட்டுக்கோ சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் 131 காரை விற்க வேண்டியிருந்தது. அதனால் தொழிற்சாலையின் பணமும் கவனமும், ஃபியட்டின் பந்தயப் பிரிவான அபார்த் உருவாக்கிய 131 அபார்த் பக்கம் போய்விட்டன. ஓடிக்கொண்டிருந்த குதிரையை லாயத்தில் கட்டிவிட்டார்கள்.

அந்தக் குதிரையை அவிழ்த்து ஓடவிட்டவர் ஆந்த்ரே ஷார்தொனே. பிரான்சில் லான்சியா கார்களை இறக்குமதி செய்து விற்றவர். அவருடைய நீல நிற ஸ்ட்ராடோஸில் பெர்னார் தர்னிஷும் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் அவருடைய இணை ஓட்டுநர் அலென் மாஹேயும் அந்த மாண்டே கார்லோவை வென்றார்கள். ஃபோர்டு எஸ்கார்ட்டில் வந்த பியோர்ன் வால்டகார்டைவிட 6 வினாடிகள் மட்டுமே முன்னால். வால்டகார்டின் பாதையில் யாரோ கற்களைப் போட்டிருந்தார்கள், அதில் அவர் நேரத்தை இழந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு தர்னிஷைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மூன்றாவதாக வந்தது எந்தக் கார் என்று பாருங்கள்: மார்க்கு ஆலென் ஓட்டிய ஃபியட் 131 அபார்த். தொழிற்சாலை தன் முழு பலத்தையும் கொடுத்து வளர்த்த கார், தான் ஒதுக்கிவைத்த காருக்குப் பின்னால் வந்தது.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அதே ஆண்டு சான்ரெமோ ராலியில், தொழிற்சாலையின் சொந்த மண்ணில், டோனி ஃபஸ்ஸினா ஒரு ஸ்ட்ராடோஸில் வால்டர் ரோர்லின் 131-ஐத் தோற்கடித்தார். அவரை அனுப்பியது மிலானைச் சேர்ந்த ஜாலி கிளப் என்ற அணி. அந்த ஆண்டின் இத்தாலிய தேசிய சாம்பியனும் ஃபஸ்ஸினாதான். 1981இல், ஜெர்மானிய நிறுவனமான ஆடியின் குவாட்ரோ நான்கு சக்கர இழுவையோடு களத்தில் இறங்கிய அதே ஆண்டில், தர்னிஷ் கோர்சிகா ராலியை ஸ்ட்ராடோஸிலேயே வென்றார். ஏழு வயதான கார்! ஒரு காரோடு இத்தனை ஆண்டுகள் வாழ்ந்த மெக்கானிக்குகளுக்கு அதன் ஒவ்வொரு திருகும் தெரிந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். புதிய கார் வந்ததும் பழையதை மறந்துவிடும் தொழிற்சாலைக்கு அந்த அறிவு எப்படி வரும்?

இதுவரை சொன்னது துணை அணியின் திறமை. என் மனதுக்கு இன்னும் நெருக்கமானது 1983ஆம் ஆண்டின் கதை.

பஸ்ஸானோ டெல் கிராப்பா என்ற சிற்றூரில் பிறந்த மிக்கி பியாசியோனுக்கு அப்போது 25 வயது. லான்சியாவின் புதிய 037 உலக சாம்பியன்ஷிப்பில் ரோர்ல், ஆலென் கைகளில் ஆடியுடன் மோதிக்கொண்டிருந்தது. பின் சக்கரங்களால் மட்டுமே ஓடிய கார், குவாட்ரோவை இரண்டே புள்ளிகளில் முந்திப் பட்டம் வென்றது. எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதே ஆண்டில் அதே 037-ஐ ஜாலி கிளப் பியாசியோனிடம் கொடுத்து இத்தாலிய சாம்பியன்ஷிப்பிலும் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பிலும் ஓட வைத்தது. இரண்டையும் அவர் வென்றார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் டிசியானோ சிவியெரோ. இதே இருவர்தான் 1988இலும் 1989இலும் லான்சியா டெல்டாவில் உலக சாம்பியன் ஆனார்கள்.

எல்பா தீவின் வளைவுகளிலும் சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ சாலைகளிலும் ஒரு இளைஞன் தவறு செய்யலாம், கற்றுக்கொள்ளலாம், மறு வாரம் திரும்பி வரலாம். உலக ராலியில் தொழிற்சாலை அணிக்காக முதல் தவறைச் செய்பவனுக்கு இரண்டாவது வாய்ப்பு எளிதில் கிடைக்காது. நல்ல காரும் பொறுமையான அணியும் ஒரே இடத்தில் கிடைப்பது தேசிய சாம்பியன்ஷிப்பில்தான்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் உயிர் காரில் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் ஆடிக்கும் தீபாவளிக்கும் சீர் அனுப்பும் தாய்வீடு போல, தொழிற்சாலை தொடர்ந்து பாகங்களையும் பொறியாளர்களையும் புதிய மேம்பாடுகளையும் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் ஜாலி கிளப்பே சாட்சி. 1991 முடிவில் லான்சியா அதிகாரபூர்வமாக விலகியது. 1992இல் ஜாலி கிளப் டெல்டாக்களை உலக சாம்பியன்ஷிப்பில் இறக்கியது, அபார்த்தின் கை இன்னும் பின்னால் இருந்தது. டிடியே ஓரியோல் மட்டும் ஆறு ராலிகளை வென்றார். தயாரிப்பாளர் பட்டம் லான்சியாவுக்கு பத்தாவது முறையாக வந்தது. அடுத்த ஆண்டு அந்தக் கை விலகியது. இரண்டு முறை உலக சாம்பியனான கார்லோஸ் சைன்ஸே ஸ்டியரிங்கைப் பிடித்தும் ஒரு வெற்றிகூட இல்லை. அக்ரோபோலிஸ் ராலியில் இரண்டாம் இடம் வந்தார். அன்று ஃபோர்டில் வென்றவர் யார் தெரியுமா? அதே பியாசியோன். ஜாலி கிளப் வளர்த்த பிள்ளை.

இன்றைய நிலைமையில்தான் எனக்கு ஆதங்கம். 2013இல் ஆர்5 வகைக் கார்கள் வந்தன, இப்போது அவற்றை ராலி2 என்கிறோம். ஆரம்பத்தில் விலைக்கு 1,80,000 யூரோ என்ற உச்சவரம்பு வைத்தார்கள். பணம் இருக்கும் எவரும் வாங்கலாம். தனி ஆளுக்கும் புதிய கார் கிடைக்கிறது, சென்ற ஆண்டின் மிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் விற்பனை வேறு, ஆதரவு வேறு. கார் கடையில் கிடைக்கும்போது, பணமில்லாத 25 வயது இளைஞனைத் தேடிப்போய் அதில் உட்கார வைக்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகிறது. பத்து பேருக்குக் கார் விற்கும் நிறுவனம், ஒவ்வொரு நாட்டிலும் ஒரு அணிக்காவது காரும் ஆளும் கொடுத்து, ஓட்டுநரைத் திறமை பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும் என்பேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். முடிவுப் பட்டியல்களில் 'லான்சியா ஸ்ட்ராடோஸ்' என்று எழுதும் இடத்தில் ஷார்தொனே என்றும் ஜாலி கிளப் என்றும் சேர்த்து எழுதுங்கள். டாரியோ செராட்டோ என்ற பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டோடிப் என்ற விளம்பரதாரரின் வண்ணம் பூசிய ஜாலி கிளப் 037இல் 1985இன் ஐரோப்பியப் பட்டத்தை வென்றவர், 1987இல் மறுபடியும் வென்றவர். உலக சாம்பியன்ஷிப் ராலி ஒன்றையும் அவர் வென்றதில்லை. அதனாலேயே நம் பேச்சில் அவர் வருவதில்லை. அடுத்த முறை அந்த நண்பரைப் பார்க்கும்போது செராட்டோவிலிருந்துதான் பேச்சைத் தொடங்கப்போகிறேன்.