எந்த ஊர் லிபரல்?

லிபரல்கள் உலகம் முழுக்கச் சரிகிறார்கள் என்று சொல்ல வந்த உங்கள் கட்டுரை ஆஸ்திரேலிய லிபரல் கட்சியையும் அமெரிக்க லிபரல்களையும் ஒரே கணக்கில் சேர்த்திருப்பது ரொம்பத் தப்பு. அமெரிக்காவில் 1930-களின் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்திலிருந்து, அரசு முன்வந்து எளியவர்களைத் தூக்கிவிட வேண்டும் என்பவர்களுக்கு அந்தப் பெயர். ஆஸ்திரேலியாவில் ராபர்ட் மென்சீஸ் என்ற தலைவர் 1944-இல் தொடங்கிய லிபரல் கட்சியோ லேபர் என்ற தொழிலாளர் கட்சிக்கு எதிரான வலதுசாரிக் கட்சி. 2003 ஈராக் போரையே எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே லிபரல் பிரதமர் ஹோவர்ட் படை அனுப்பினார், கனடாவின் லிபரல் பிரதமர் கிரெட்டியன் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜப்பானில் 1955-இல் உருவான லிபரல் ஜனநாயகக் கட்சியும் பழமைவாதக் கட்சிதான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. 2014-இல் புதுச்சேரியிலிருந்து ஆஸ்திரேலியாவில் தஞ்சம் கேட்டுப் படகில் போன 157 பேரை, அதில் பெரும்பாலோர் ஈழத் தமிழர்கள், குழந்தைகள் வேறு, நடுக்கடலில் சுங்கக் கப்பலில் வாரக்கணக்கில் அடைத்து வைத்து அப்புறம் பசிபிக் கடலில் இருக்கும் நவுரு தீவுக்கு அனுப்பியது அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட்டின் லிபரல் கூட்டணி அரசு. அந்தக் கட்சியைப் போய் 'அகதிகள் பக்கம் நிற்கும் முற்போக்காளர்கள்' பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பத்தியைத் திருத்துங்கள்.