தென்றல் எங்கள் ஊரில் ஜன்னலை உடைக்கும்

மொரீஷியசில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற நண்பர்களோடு எனக்கு ஒரு நெடுநாள் வம்பு உண்டு. 'தென்றல்' என்ற சொல்லைப் பற்றிய வம்பு. தெற்கிலிருந்து மெல்ல வீசும் இனிய காற்று என்று எழுதிப்போடுகிறார்கள். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிடுகிறார்கள். வகுப்பை விட்டு வெளியே வந்தால் ஜூலை மாதத்துத் தென்கிழக்குக் காற்று அவர்கள் குடையைத் திருப்பிப் போடுகிறது.

சொல்லுக்குள் இருப்பது திசை மட்டும்தான். தென், தெற்கு, தென்றல். மென்மை பாண்டிய நாடு கொடுத்தது. பொதிகை மலையைத் தாண்டி, சாரலை வாங்கி, மரம் செடியெல்லாம் தடவிக்கொண்டு வருகிற காற்றுக்கு அந்தப் புகழ் தகும். எங்கள் தெற்கைப் பார்க்க வேண்டுமென்றால் சூயாக் பக்கம் கிரி கிரிக்குப் போக வேண்டும். தீவைச் சுற்றியிருக்கும் பவளப்பாறை அரண் அந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. அலை நேராகப் பாறையில் வந்து மோதும். அதற்கு அப்பால் அண்டார்க்டிகா வரைக்கும் பெரிய நிலம் எதுவும் கிடையாது. ஆகஸ்டில் அங்கே நின்று பக்கத்து ஆளிடம் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். காற்று தாக்கும் கரையோரச் சவுக்கு மரங்கள் கடலுக்கு முதுகு காட்டி, தலைமுடியை ஒரே பக்கம் வாரிவிட்ட மாதிரி சாய்ந்தே வளர்ந்திருக்கும். உப்பு பட்ட பக்கத்துக் கிளை கருகியிருக்கும். கணக்குப்படி இதுவும் தென்றல்தான்.

வாடைக்கு நடந்தது இதைவிட வேடிக்கை. வடக்கிலிருந்து வருவது வாடை, குளிர்காற்று, பிரிந்தவரை வாட்டும். நெடுநல்வாடையில் மாடு மேய்க்கும் கோவலர்கள் கையில் கொள்ளிக்கட்டையைப் பிடித்துக்கொண்டும் கன்னம் அடித்துக்கொள்ள நடுங்குகிறார்கள். எங்களுக்கோ வடக்கு என்றால் பூமத்தியரேகைப் பக்கம். ஜனவரி, பிப்ரவரியில் அங்கிருந்து காற்று வந்தால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், ராத்திரி தூக்கம் வராது. தலைவி வாடையில் நடுங்குகிறாள் என்று சொன்னால் பிள்ளைகள் முழிக்காமல் என்ன செய்வார்கள்? போதாததற்கு 'மீன் வாடை' என்பதையும் அதே வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்.

ஒரு டீச்சர் என்னிடம் நேராகவே கேட்டார்: "அண்ணே, நீங்க சொல்றது சரிதான். ஆனா பிள்ளை இப்படி எழுதிவெச்சா, பேப்பர் திருத்துறவர் மார்க் போடுவாரா?" நியாயமான கேள்வி. பழைய விளக்கத்தை எடுக்கச் சொல்லவில்லை. அந்த விளக்கம் எந்த ஊர்க்காரர் எழுதியது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நாலு திசைக்கும் நாலு பெயர் வைத்தவர்கள் தம் வாசலில் நின்று வைத்தார்கள். கீழைக் கடலிலிருந்து வந்தது கொண்டல், மேற்கே மலைப் பக்கமிருந்து வந்தது கோடை. நம் பிள்ளைகளும் தம் வாசலில் நின்று பார்க்கட்டுமே.

என் கட்சி இதுதான்: இந்தத் தீவில் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டிய காற்றுச் சொல் தென்றல் அல்ல, ஆடிக்காற்று.

ஆடி இங்கே நடுக்குளிர்காலம். கரும்பு வெட்டு நடக்கும், லாரிகள் சிந்தின சோகை ரோட்டில் பறக்கும். வாக்வா, கியூர்பிப் மேட்டில் தூறலும் காற்றும் சேர்ந்து எலும்புவரை போகும். எங்கள் பக்கத்து அம்மன் கோவிலில் கஞ்சி காய்ச்சும்போது அடுப்பு நெருப்பு அண்டாவுக்கு அடியில் நிற்காமல் ஒரு பக்கமாகப் படுத்துவிடும். பெரியம்மா ஒருவர் யாரையும் கேட்காமல் பழைய கூரைத் தகரம் ஒன்றை இழுத்து வந்து, தென்கிழக்கு மூலையில் கல்லை அண்டைக் கொடுத்து நிறுத்துவார். அந்த மூலை எது என்று அவருக்குத் திசைகாட்டி வேண்டியதில்லை. சூடத்தட்டு வெளியே வரும்போது நாலு பேர் அந்தப் பக்கமாகப் போய்ச் சேர்ந்து நின்றுகொள்வார்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழிக்கு அங்கே யாரும் உரை கேட்டதில்லை. ஆடிப்பட்டம் தேடி விதைப்பதுதான் எங்களுக்கு ஒத்துவராது, அது போகட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மொரீஷியஸ், ரெயூனியன், ரோட்ரிக்ஸ் மூன்றுக்கும் சேர்த்து மஸ்கரீன் தீவுகள் என்று பெயர். தெற்கு இந்தியப் பெருங்கடலில் காற்றழுத்தம் கூடி உருவாகும் உயரழுத்த மண்டலத்துக்கும் எங்கள் பெயரையே வைத்திருக்கிறார்கள்: மஸ்கரீன் உயரழுத்தம். நமக்குக் குளிர்காலம் வரும்போது அது வலுக்கும். அதன் விளிம்பிலிருந்து புறப்படும் தென்கிழக்குக் காற்றுதான் கிரி கிரியில் நம் காதைக் கிழிப்பது. அது இங்கே நிற்பதில்லை. வடமேற்காகப் போய், பூமத்தியரேகையைத் தாண்டி, பூமி சுழல்வதால் வலப்பக்கம் திரும்பி, கென்யா, சோமாலியாக் கரையோரம் வேகம் பிடித்து, அரபிக்கடலைக் கடந்து கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையாக இறங்குகிறது. ஈரத்தை மலையாளிகளிடம் கொட்டிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில் சந்து இருக்கும் இடமாகப் பார்த்து உள்ளே நுழைகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தால் உடுமலை, பல்லடம். ஆரல்வாய்மொழி வழியாக வந்தால் முப்பந்தல் காற்றாலைகள். அங்கே அதற்குப் பெயர் ஆடிக்காற்று.

ஆக, கொங்குநாட்டில் அம்மியைத் தூக்குகிற காற்று புறப்படுவது எங்கள் கொல்லைப்புறத்திலிருந்து. பருவமழைக் கணிப்பில் மஸ்கரீன் உயரழுத்தம் எப்படி இருக்கிறது என்பதையும் இந்தியாவில் கவனிக்கிறார்கள். நாமோ எல்லாம் அங்கிருந்துதான் வந்தது என்று நினைத்துக்கொண்டு, அவர்களுடைய காற்றைப் புத்தகத்தில் இறக்குமதி செய்து வைத்திருக்கிறோம்.

இந்தத் தீவின் தலைநகரம் இருக்கும் இடத்துக்கும் காரணம் இதே காற்று. டச்சுக்காரர்கள் இறங்கிப் புழங்கியது தென்கிழக்கே கிராண்ட் போர்ட் பக்கம். நல்ல விரிகுடா, ஆனால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். பாய்மரக் கப்பல் உள்ளே வருவது எளிது, வெளியே போவது பாடு. 1735இல் வந்த பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே வடமேற்கே காற்று மறைவில் இருக்கும் போர்ட் லூயியைத் தலைமைத் துறைமுகமாக்கி வளர்த்தார். அங்கே கட்டட வேலைக்காகப் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் கூட்டிவந்தார். நம்மவர் இந்தத் தீவில் முதலில் எந்தப் பக்கம் குடியிருந்தார்கள் என்பதிலும் தென்கிழக்குக் காற்றுக்குப் பங்கு இருக்கிறது. ரெயூனியனில் இன்றும் கரையைக் காற்றுப் பக்கம், காற்று மறைவுப் பக்கம் என்று பிரித்துத்தான் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே இன்னொரு குழப்பம் காத்திருக்கும். இங்கே பேசும் கிரியோல் மொழியில் காற்றுக்கு 'திவான்'. பிரெஞ்சு 'து வான்' தேய்ந்து வந்தது. 'முன்னால்' என்பதற்கும் அதே 'திவான்'. "க்ரோ திவான்!" என்று யாராவது கத்தினால் பெரிய மந்திரி யாரோ வருகிறார் என்று எழுந்து நிற்க வேண்டாம், துணியை எடுத்து உள்ளே போடுங்கள்.

புயலுக்கு வருகிறேன், அதையும் விட முடியாது. இசைப்புயல், வைகைப்புயல் என்று தமிழ்நாட்டில் புயலைப் பட்டமாகக் கொடுக்கிறார்கள். குறளில் 'புயலென்னும் வாரி' என்று மழையாகத்தான் வருகிறது, ஆகவே தப்பில்லை. எங்கள் ஊரில் யாரையும் அப்படிப் பாராட்ட முடியாது. பெரியவர்கள் வயதையே புயலை வைத்துச் சொல்வார்கள்: "கரோலுக்கு அடுத்த வருஷம் பிறந்தவன்." கரோல் என்றால் 1960, ஓலை வீடும் தகர வீடும் அடியோடு போன வருஷம். ஜெர்வேஸ் 1975. அப்போது காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் அடித்ததாகப் பதிவு இருக்கிறது. இங்கே காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் வலக்கைப் பக்கம், சென்னையில் நின்றால் இடக்கைப் பக்கம். இதைச் சொல்லித்தராமல் வங்கக்கடல் புயல் படத்தைக் காட்டினால் அது எங்களுக்குக் கண்ணாடியில் தெரியும் படம்.

'சைக்ளோன்' என்று இன்று உலகமே சொல்கிற சொல்லிலும் எங்களுக்குப் பங்கு உண்டு. 1845 பிப்ரவரியில் 'சார்ல்ஸ் ஹெடில்' என்ற கப்பல் மொரீஷியஸ் அருகே புயலில் மாட்டி, நாள்கணக்கில் காற்று தள்ளின பக்கமெல்லாம் ஓடியது. பிறகு அதன் பாதையைப் படத்தில் குறித்துப் பார்த்தால் வட்டம் வட்டமாகச் சுற்றியிருக்கிறது. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் இப்படிப்பட்ட கப்பல் குறிப்புகளை அலசித்தான், 1848இல் வெளியான மாலுமிகளுக்கான தம் கையேட்டில் வட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை எடுத்துக் கொடுத்தார்.

போன வாரம் இதையெல்லாம் சொன்னபோது ஒரு நண்பர், "தென்றல் என்றால் மென்மைதான், இலக்கியத்தில் கை வைக்காதே" என்று கோபித்துக்கொண்டார். இலக்கியத்தில் நான் கை வைக்கவில்லை. ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை கிரி கிரிக்குக் கூட்டிப்போகிறேன், பெட்ரோல் செலவு என்னுடையது. அங்கே நின்று, கையில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, தென்றலைப் பற்றி அவருக்குப் பிடித்த கவிதை ஒன்றை முழுசாக வாசித்து முடிக்கட்டும். முடித்துவிட்டால் இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.